நார்ச்சத்துத் தூள்: எந்த நார், எந்த நன்மை

நார்ச்சத்துத் துணை உணவு அடைத்து வரும் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது, ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் நார்ச்சத்து இருக்கிறது என்ற எண்தான். வாங்குபவரும் பெரும்பாலும் அந்த எண்ணைக் கொண்டே ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஆனால் அந்த நார்ச்சத்து வயிற்றுக்குள் போன பிறகு என்ன செய்யும் என்பதை அறிய அந்த எண் அவ்வளவாக உதவாது. ஐந்து கிராம் நார்ச்சத்து இசப்கோல் உமியிலிருந்து வந்ததா, சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலினிலிருந்து (இது இன்சுலின் அன்று) வந்ததா, கோதுமைத் தவிட்டிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து, ரத்தக் கொழுப்பு குறையலாம், வயிறு உப்பலாம், மலம் இளகலாம், குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழாமலும் போகலாம். தாவர நார்ச்சத்தைத் தனியே சேர்த்துக்கொள்வதால் நன்மை உண்டா என்ற கேள்விக்கு முரண்பட்ட பதில்கள் உலவுவதற்கு, இந்த வேறுபாடு கவனிக்கப்படாததே முக்கியக் காரணம்.

நார்ச்சத்து என்பது ஒரே ஒரு வேதிப்பொருளின் பெயர் அன்று. மனிதச் சிறுகுடலின் நொதிகளால் உடைக்க முடியாமல் பெருங்குடல் வரை சென்று சேரும் பலவகைத் தாவரக் கார்போஹைட்ரேட்டுகளும், அவற்றோடு ஒட்டியிருக்கும், தாவரத்துக்கு மரத்தன்மை தரும் லிக்னினும் சேர்ந்த தொகுதிக்கே அந்தப் பெயர். உடல்நலத்தில் அதன் பங்கைப் பற்றிய பேச்சைப் பரவலாக்கியவர்கள் டெனிஸ் பர்கிட், ஹியூ ட்ரோவெல் என்ற இரு மருத்துவர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் நீண்ட காலம் பணியாற்றிய அவர்கள், மலச்சிக்கல், பெருங்குடல் சுவரில் பைகள் புடைக்கும் நோய், பெருங்குடல் புற்றுநோய், இதயத் தமனி நோய் ஆகியவை அங்குள்ள கிராமப்புற மக்களிடம் மேலை நாடுகளைவிட மிக அரிதாக இருப்பதைக் கண்டு, அம்மக்கள் உண்ட தீட்டப்படாத உணவின் நார்ச்சத்தே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 1970களில் எழுதினார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது முழு உணவை. அந்த உணவின் ஒரு கூறைப் பிரித்தெடுத்துத் தூளாக்கிக் கொடுத்தாலும் அதே பயன் கிட்டும் என்பது பின்னால் வந்த எதிர்பார்ப்பு. அது தனியாகச் சோதிக்கப்பட வேண்டியிருந்தது.

இன்று நார்ச்சத்துக்கு ஆதரவாக அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, உலகச் சுகாதார அமைப்பின் வேண்டுகோளின்படி தயாரிக்கப்பட்டு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு. 185 நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் அது ஒருசேரப் பார்த்தது. நார்ச்சத்து மிகுதியாக உண்டவர்களிடம், மிகக் குறைவாக உண்டவர்களைவிட, ஒட்டுமொத்த இறப்பு விகிதம், இதயத் தமனி நோய், பக்கவாதம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 விழுக்காடு வரை குறைவாக இருந்தன. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை உண்டவர்களிடம் இந்த நன்மை தெளிவாகத் தெரிந்தது. 2023-இல் அதே அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலும், பத்து வயதுக்கு மேற்பட்ட அனைவரும் உணவில் இயல்பாக அமைந்த நார்ச்சத்தை நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராமாவது பெற வேண்டும் என்கிறது. இங்கே ‘இயல்பாக அமைந்த’ என்ற அடைமொழி தற்செயலாக வந்ததன்று. இந்தப் புள்ளிவிவரங்கள் முழுத் தானியம், பயறு, காய்கறி, பழம் ஆகியவற்றை உண்டு வாழ்ந்தவர்களைப் பற்றியவை. நார்ச்சத்தோடு அவர்களுக்குத் தாதுக்களும் வைட்டமின்களும் வேறு பல தாவரப் பொருள்களும் கிடைத்தன, அதே தட்டில் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் அந்த அளவுக்கு இடமிழந்தன. தூளின் விளம்பரத்தில் இந்த எண்களைக் கொண்டுவந்து ஒட்டுவது, சோதிக்கப்படாத பொருளுக்கு வேறொன்றின் நற்சான்றிதழை எடுத்துத் தருவதாகும்.

அதனால் தூளுக்குத் தனிச் சான்று இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சிலவகைத் தூள்களுக்கு நல்ல சான்று இருக்கிறது. அது வேறு இடத்திலிருந்து வருகிறது. அதைப் புரிந்துகொள்ள நார்ச்சத்தின் மூன்று பண்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: தண்ணீரில் கரைகிறதா, கரைந்தபின் நீரைக் கெட்டியாக்கிக் கூழாக மாற்றுகிறதா, பெருங்குடல் பாக்டீரியாக்களால் நொதிக்கப்படுகிறதா, அதாவது உடைத்து உண்ணப்படுகிறதா. கரையும் நார், கரையாத நார் என்று இரண்டாகப் பிரித்து, முன்னது இதயத்துக்கு, பின்னது குடலுக்கு என்று சொல்லும் பழைய பாடம் போதாது. இனுலின் தண்ணீரில் முழுமையாகக் கரைகிறது, ஆனால் தண்ணீர் கெட்டிப்படுவதே இல்லை. கோதுமை டெக்ஸ்ட்ரினும் அப்படித்தான். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நாரும், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும் கரைந்து கெட்டிப்படுகின்றன, ஆனால் பெருங்குடலை அடைந்ததும் பாக்டீரியாக்கள் அவற்றை உண்டு தீர்த்துவிடுகின்றன. இசப்கோல் உமி கெட்டியான கூழாகிறது. பெரிதும் நொதிக்கப்படாமல் அந்தக் கூழ் நிலையிலேயே கடைசிவரை பயணம் செய்கிறது. துணை உணவுகளில் இசப்கோலுக்குத் தனியிடம் கிடைத்திருப்பது இந்தக் கடைசிப் பண்பினால்தான்.

கூழாகும் தன்மைக்கும் ரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பு, இத்துறையில் மிக நன்றாக அறியப்பட்ட செய்தி. கொழுப்பைச் செரிக்கப் பயன்படும் பித்த அமிலங்களைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்தே தயாரிக்கிறது. வேலை முடிந்ததும் அந்த அமிலங்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகின்றன. உடல் இந்த விஷயத்தில் மிகவும் சிக்கனமானது. குடலில் கெட்டியான கூழ் இருக்கும்போது பித்த அமிலங்களின் ஒரு பகுதி அதில் சிக்கி மலத்தோடு வெளியேறிவிடுகிறது. இழப்பை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் வேண்டும், அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். ஆகவே கல்லீரல் செல்கள் தம் மேற்பரப்பில், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல்.லைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை அதிகமாக்கி, ரத்தத்திலிருந்து அதை உள்ளிழுக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் இசப்கோல் உமியைச் சில வாரங்கள் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களிடம் எல்.டி.எல். பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரை குறைந்திருப்பதைச் சோதனைகள் காட்டுகின்றன. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் ஸ்டேட்டின் மாத்திரையின் ஆற்றலுக்கு முன் இது சிறிய எண்தான். ஆனால் ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுப்பவர் அதோடு இசப்கோலையும் சேர்த்துக்கொண்டால் கிடைக்கும் கூடுதல் குறைவு, மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் கிடைப்பதற்கு ஒப்பானது என்பதைத் தொகுப்பாய்வுகள் தெரிவிக்கின்றன; மருந்தின் அளவைக் கூட்டினால் தசைவலி வரும் என்று அஞ்சுபவருக்கு இது அற்பமான செய்தி அன்று.

இந்தச் சான்றின் அடிப்படையில்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 1997-இல் ஓட்ஸ் பீட்டா குளுக்கனுக்கும் 1998-இல் இசப்கோலுக்கும், இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று உறையில் அச்சிட அனுமதி வழங்கியது. முன்னதற்கு நாளொன்றுக்கு 3 கிராம், பின்னதற்கு 7 கிராம் கரையும் நார்ச்சத்து என்று அளவும் குறிக்கப்பட்டது. அந்த அளவில் பாதியைக்கூடத் தராத பொருள்கள் அதே வாசகத்தின் நிழலில் விற்கப்படுவதைக் காண முடிகிறது. பதப்படுத்தும் முறையும் பயனைக் கெடுக்கலாம்: ஓட்ஸின் பீட்டா குளுக்கன் மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கொடுத்த சோதனை ஒன்றில், உடையாத நாரால் குறைந்த எல்.டி.எல். உடைந்த நாரால் அதே அளவுக்குக் குறையவில்லை. கிராம் மாறவில்லை, கெட்டிப்படும் திறன்தான் போயிருந்தது.

ரத்தச் சர்க்கரையின் கதையும் இதே பண்பைச் சுற்றியே நிகழ்கிறது. கெட்டியான கூழ் கலந்த உணவில் குளுக்கோஸ் குடல் சுவரை அடைய நேரமாகிறது, ஆகவே உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. தூளை உணவோடு அல்லது உணவுக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். இரவு படுக்கப்போகும்போது குடித்தால் கலப்பதற்கு உணவே இருக்காது. அடுத்து, பயனின் அளவு எடுப்பவரின் நிலையைப் பொறுத்தது: சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் குறைவு தெளிவாகத் தெரிகிறது, சர்க்கரை இயல்பான அளவில் இருப்பவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. ஆரோக்கியமாக இருப்பவருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடாது என்பதால் இது ஒருவகையில் நல்லதே. ஆனால் இன்சுலின் ஊசியோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் நார்த்தூளைத் தொடங்கும்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அளவைச் சற்று அடிக்கடி பார்த்துக்கொள்வது அவசியம்.

மக்கள் நார்த்தூளை நாடுவதற்குப் பெரும்பாலும் மலச்சிக்கலே காரணம், தவறான பொருளைத் தேர்ந்தெடுப்பதும் இங்கேதான் அதிகம் நடக்கிறது. மலம் இளகுவது அதில் தங்கியிருக்கும் நீரைப் பொறுத்தது. பெருங்குடலின் வேலையே நீரை உறிஞ்சுவதுதான். அந்த உறிஞ்சுதலை எதிர்த்து நீரைப் பிடித்து வைத்திருக்கும் நார் கடைசிவரை உடையாமல் இருக்க வேண்டும். பாக்டீரியாக்களுக்கு இரையாகிவிடும் நாரால் இந்த வேலையை அவ்வளவாகச் செய்ய முடியாது. நொதிக்காமல் கூழாகவே எஞ்சும் இசப்கோல், கெட்டியான மலத்தை இளக்குவதோடு, நீராகப் போகும் மலத்தை இறுக்கவும் செய்கிறது. ஒரே பொருள் இரண்டு எதிரெதிர் தொல்லைகளுக்கும் பரிந்துரைக்கப்படுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. கோதுமைத் தவிடு வேறு வழியில் இயங்குகிறது: அதன் பெரிய, சொரசொரப்பான துணுக்குகள் குடல் சுவரை உராய்ந்து சளியையும் நீரையும் சுரக்கத் தூண்டுகின்றன. அதே தவிட்டை மாவுபோல் நைசாக அரைத்துவிட்டால் உராய்வு போய்விடும். அது மலத்தை இன்னும் கெட்டியாக்கவும் கூடும். நாட்பட்ட மலச்சிக்கல் குறித்து 2022-இல் வெளியான தொகுப்பாய்வு, நார்த்தூள்களில் இசப்கோலின் பயனே மேலோங்கி நிற்பதையும், நாளொன்றுக்கு 10 கிராமுக்கு மேல், குறைந்தது நான்கு வாரமாவது எடுத்தால்தான் பலன் நன்கு தெரிவதையும் காட்டியது. மூன்று நாள் குடித்துப் பார்த்துவிட்டு ‘எனக்குச் சரிப்படவில்லை’ என்று நிறுத்துபவர்கள் அந்தக் கால அளவுக்குப் பக்கத்திலேயே போவதில்லை. இடுப்புத் தளத் தசைகள் சரியாக இளகாததால் வரும் மலச்சிக்கலுக்கும், குடலின் அசைவே மிகவும் மந்தமாகிவிட்ட நிலைக்கும் நார் எவ்வளவு சேர்த்தாலும் தீர்வு கிடைப்பது அரிது. சிலரிடம் உப்புசம்தான் கூடும்.

வயிற்றுவலியும் உப்புசமும் மலப்போக்கின் மாற்றமும் கலந்து வரும் ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறில் இந்தத் தேர்வு இன்னும் முக்கியமாகிறது. நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான சோதனையில், ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் இசப்கோலும், இன்னொரு குழுவுக்கு 10 கிராம் தவிடும், மூன்றாவது குழுவுக்கு வெறும் அரிசி மாவும் 12 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டன. இசப்கோல் எடுத்தவர்களுக்கு உபாதை குறைந்தது. தவிடு எடுத்தவர்களில் பலர் தொல்லை கூடியதால் பாதியிலேயே விலகினார்கள். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் கல்லூரி 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்நோய்க்குக் கரையும் நாரைப் பரிந்துரைக்கிறது, கரையாத நாரைப் பரிந்துரைப்பதில்லை. ‘நார்ச்சத்தைக் கூட்டுங்கள்’ என்ற பொதுவான அறிவுரையைக் கேட்டுத் தவிட்டை அள்ளிப் போட்டுக்கொண்டவர் அவதிப்பட்டால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி, நொதிக்கும் நார்கள். இனுலின் போன்றவற்றைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உண்ணும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உருவாகின்றன. இவற்றில் பியூட்டிரேட், பெருங்குடலின் உட்பூச்சுச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். குடல் சுவரின் காப்பை உறுதியாக வைத்திருப்பதிலும் அழற்சியைக் கட்டுப்படுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. இனுலின் எடுத்தால், நன்மை தருவதாகக் கருதப்படும் பிஃபிடோபாக்டீரியாக்கள் பெருகுவதும் பலமுறை உறுதிப்பட்ட செய்தி. இதுவரை எல்லாம் சரி. ஆனால் மலப் பரிசோதனையில் ஒரு பாக்டீரியாவின் எண்ணிக்கை கூடுவதும் மனிதருக்கு நோய் குறைவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை விளம்பரங்கள் ஒரே தாவலில் கடந்துவிடுகின்றன. மனிதச் சோதனைகளின் முடிவுகள் கலவையாகவே இருக்கின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட சோதனையில், 60 வயதைக் கடந்த 36 இரட்டையர் இணைகளில், இருவருக்கும் புரதமும் உடற்பயிற்சியும் பொதுவாக இருக்க, ஒருவருக்கு மட்டும் 12 வாரங்கள் இனுலின் வகை நார் கொடுக்கப்பட்டது. தசை வலிமையில் வேறுபாடு இல்லை. நினைவாற்றல் சார்ந்த சோதனைகளில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. சுவையான முடிவுதான், ஆனால் 12 வாரச் சோதனை ஒன்றைக் கொண்டு முதுமை மறதியைத் தடுக்கலாம் என்று கிளம்பிவிட முடியாது. மறுபுறம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான சிறிய ஆய்வில், பங்கேற்றவர்கள் வாரந்தோறும் நாரின் அளவை நாளொன்றுக்கு 10, 20, 30 கிராம் என்று உயர்த்திக்கொண்டே போனபோது, அராபினோசைலன் என்ற நார் பொதுவாக எல்.டி.எல்.லைக் குறைத்தது, இனுலின் 30 கிராமை எட்டியபோதோ சிலரிடம் அழற்சிக் குறியீடுகளும் கல்லீரல் நொதியும் ஏறின. ஒருவருக்கு உதவும் நார் இன்னொருவருக்கு உதவுவதில்லை என்பதையும், அதிகம் என்றால் நல்லது என்று பொருளல்ல என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆய்வுகள் குறைவு.

உடல் எடையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. கூழாகும் நார் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது, சில மாதங்களில் சிறிதளவு எடை குறையலாம். கொன்ஜாக் கிழங்கின் குளுக்கோமன்னான் என்ற நாருக்கு ஐரோப்பிய ஒன்றியம் அளித்த ஒப்புதல்கூட, உணவின் ஆற்றல் அளவைக் குறைத்துக்கொண்டவர்கள் நாளொன்றுக்கு 3 கிராமை மூன்று வேளையாகப் பிரித்து, உணவுக்கு முன் தண்ணீரோடு எடுத்தால் என்ற நிபந்தனைகளோடு வந்ததுதான்.

புற்றுநோயில்தான் உணவுக்கும் தூளுக்கும் இடையிலான விரிசல் அப்பட்டமாகத் தெரிகிறது. நார்ச்சத்து மிகுந்த உணவு உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவு என்பதைக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியதும், புற்றாக மாறக்கூடிய குடல் கட்டிகள் திரும்ப முளைப்பதைத் தவிடு தடுக்குமா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். 2000-இல் வெளியான முடிவு, தடுக்கவில்லை என்பது. அதே ஆண்டு வெளியான ஐரோப்பியச் சோதனையில், நாளொன்றுக்கு 3.5 கிராம் இசப்கோல் எடுத்தவர்களிடம் கட்டிகள் திரும்ப வருவது குறையாதது மட்டுமன்று, சற்றுக் கூடவே செய்தது. பின்னர், லிஞ்ச் நோய்க்குறி என்ற மரபுவழிப் புற்றுநோய் வாய்ப்பு உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் செரிக்காத மாவுச்சத்தை நான்கு ஆண்டுகள் வரை கொடுத்துப் பார்த்த கேப்-2 என்ற சோதனையின் நீண்டகால முடிவு 2022-இல் வெளியானது. பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் மற்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்கள், குறிப்பாக உணவுப்பாதையின் மேற்பகுதியில் வருபவை, ஒட்டுமொத்தமாக ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. எதிர்பார்த்த இடத்தில் பயன் இல்லாமல் எதிர்பாராத இடத்தில் கிடைத்த இந்த முடிவு அரிய மரபுக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றியது. அதைப் பொதுமக்களுக்கு அப்படியே நீட்டுவதற்கு இன்னும் இடமில்லை.

பிரித்தெடுத்த எல்லாப் பொருளையும் நார்ச்சத்து என்று அழைக்கலாமா என்ற கேள்வி ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் எழுந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் கொண்டுவந்த வரையறையின்படி, பிரித்தெடுக்கப்பட்ட அல்லது செயற்கையாக உருவாக்கப்பட்ட நார், மனித உடலில் குறைந்தது ஒரு நன்மையையாவது நிரூபித்தால்தான் உறையில் நார்ச்சத்தாகக் கணக்கிடப்படும். முதலில் இசப்கோல், பீட்டா குளுக்கன், பெக்டின், குவார் பிசின் உள்ளிட்ட ஏழு பொருள்கள் ஏற்கப்பட்டன. 2018-இல் இனுலின் உள்ளிட்ட எட்டு வகைகள் சேர்க்கப்பட்டன. கால்சியத்தை உறிஞ்ச உதவுவதும் மலத்தை இளக்குவதும் கொலஸ்ட்ராலைக் குறைப்பதும் அந்த ஏட்டில் ஒரே தகுதிதான். எனவே பட்டியலில் இடம்பெற்ற ஒரு நார், வாங்குபவர் மனத்தில் வைத்திருக்கும் நன்மையைத் தரும் என்று கொள்ள வேண்டியதில்லை.

எடுக்கும் முறையில் தண்ணீரே முதல் விதி. கூழாகும் நார் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ தங்கி ஊறிவிட்டால் அடைப்பு ஏற்படும். குவார் பிசின் கலந்த எடைக் குறைப்பு மாத்திரைகளால் இப்படி அடைப்புகள் நேர்ந்ததை அடுத்து, போதிய நீரின்றி விழுங்கினால் மூச்சுத் திணறல் நேரலாம் என்ற எச்சரிக்கை, 1993-இல் வந்த விதியின்படி அமெரிக்காவில் இத்தகைய பொருள்களுக்குக் கட்டாயமானது. ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது 240 மில்லி தண்ணீரில் கலக்கி, கெட்டிப்படும் முன் குடித்துவிட வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடலில் எங்கேனும் குறுக்கம் உள்ளவர்கள், இரைப்பை காலியாவது மிகவும் தாமதமாகும் நிலையில் உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. இசப்கோல் தூளைக் கையாண்ட செவிலியர்களிடமும் ஆலைத் தொழிலாளர்களிடமும் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பதிவாகியிருக்கின்றன. கலக்கும்போது தூள் பறக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. சிறு அளவில் தொடங்கி ஓரிரு வாரங்களில் மெல்லக் கூட்டினால் வாயுத் தொல்லை பெரும்பாலும் அடங்கும்; முதல் நாளே முழு அளவைக் குடிப்பவர்கள்தான் மறுநாள் டப்பாவை ஓரங்கட்டுகிறார்கள்.

பித்த அமிலத்தைச் சிக்கவைக்கும் கூழ் மருந்தையும் சிக்கவைக்கும். தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின், வலிப்புக்கான கார்பமஸெபின், லித்தியம் போன்ற மருந்துகள் நாரோடு சேர்ந்தால் உடலில் சேரும் அளவு குறையலாம். மருந்துக்கும் தூளுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுவது பொதுவான வழக்கம். லெவோதைராக்சினைப் பொறுத்தவரை இடைவெளியை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதோடு, சில வாரங்கள் கழித்து ரத்தப் பரிசோதனையில் அளவைச் சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும். கொலஸ்ட்ராலுக்காகத் தொடங்கியவருக்கும் இதே பரிசோதனைதான் அளவுகோல்: ஆறு முதல் எட்டு வாரங்கள் சரியான அளவில் எடுத்தபின் எல்.டி.எல். அசையாவிட்டால் அந்த நோக்கத்துக்காக அதைத் தொடர வேண்டியதில்லை. மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், நடு வயதுக்குப் பின் மலப்போக்கில் புதிதாக ஏற்பட்டு நீடிக்கும் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், தூளை வாங்குவதற்கு முன் குடல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.